நின்று காணாத நெடுஞ்சாலை

சென்னையிலிருந்து திருச்சி நோக்கிப் பேருந்து விரைகிறது. விரைகிறது என்பதுகூடப் போதாது, பறக்கிறது! முன்னாளில் இந்தச் சாலை ஊருக்குள் நுழையும், கடைத்தெருவில் சற்று நிற்கும், தேநீர் அருந்தும், ஊர்க்கதை கேட்கும், பிறகுதான் புறப்படும். இன்று அது நான்கு தட நெடுஞ்சாலை. ஊர்களை ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, புறவழியே தன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது. பெயர்ப் பலகைகள் மட்டும் மின்னலெனத் தோன்றி மறைகின்றன.

தொழுதூர் கடந்ததும் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த நண்பர் கண்களை மூடிக்கொண்டார்.

"சமயபுரம் வந்ததும் எழுப்புங்கள், ஐயா" என்றார்.

"இடையிலே காண்பதற்கு ஒன்றும் இல்லையோ?" என்று கேட்டேன்.

"பெரம்பலூர்ப் பக்கம் என்ன இருக்கிறது? கரிசல் மண், பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்! அப்பால் அரியலூர். அங்கே சிமிட்டித் தூசி! ஒன்றுமில்லை, ஐயா, ஒன்றுமில்லை!"

நண்பர் உறங்கிவிட்டார். எனக்கு உறக்கம் வரவில்லை. ஒன்றுமில்லை! எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார்! இந்த வட்டாரத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போர், அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை மதில்கள் இரையாயின, எத்தனை கோடி ஆண்டு முதுமை கொண்ட எலும்புகள் மண்ணோடு மண்ணாயின என்பதை அறிவர். ஒன்றுமில்லை என்று எண்ணிய இடத்தில்தான் மனிதன் கடப்பாரையைத் தூக்குகிறான். ஏதோ இருக்கிறது என்று அறிந்த இடத்தில் தயங்குகிறான். நண்பர் உறங்கட்டும். நாம் இறங்கி நடப்போம்.

பெரம்பலூருக்கு வடக்கே, மங்களமேட்டை அடுத்து, நெடுஞ்சாலையில் செல்வோரின் கண்ணுக்கே தெரியும்படி நிற்கிறது இரஞ்சன்குடிக் கோட்டை. பதினேழாம் நூற்றாண்டில், கருநாடக நவாபின் ஆட்சிக்கு உட்பட்ட சாகீர்தார் ஒருவர் எழுப்பியது. சுற்றிலும் அகழி; அரைவட்டக் கொத்தளங்கள்; செதுக்கிய கருங்கல் மதில்கள்; மேலே கோட்டைமேடு; கீழே பேட்டை. வேலூர்க் கோட்டையைக் கண்டவர்களுக்கு இது சிறிது என்று தோன்றும். செஞ்சியைக் கண்டவர்களுக்கோ குன்று ஒன்றின்மேல் வைத்த குட்டிக் கோட்டை என்று தோன்றும். ஆனால், இந்தியாவை ஆளப்போவது ஆங்கிலேயனா பிரெஞ்சுக்காரனா என்ற வழக்கில் ஒரு நாள் விசாரணை இந்தக் கோட்டையின் நிழலில் நடந்தது.

ஆண்டு 1751. ஆர்க்காட்டு நவாபு பதவிக்கு இருவர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பிரெஞ்சுக்காரர் துணை. முகமது அலிக்கு ஆங்கிலேயர் துணை. துணை என்று சொல்வது ஏட்டு வழக்கு. யார் யாரைத் துணைக்கு வைத்திருந்தனர் என்பதைப் பின்னர் வந்த ஆண்டுகள் விளக்கிவிட்டன! கேப்டன் ஜிஞ்சன் தலைமையில் ஆங்கிலப் படை வந்து வாலிகண்டபுரத்தருகே தங்கியது. மறுபுறம் சந்தா சாகிபின் பெரும்படை, பிரெஞ்சுப் பீரங்கிகளோடு. கோட்டைக்கு உரியவரோ இரு தரப்புக்கும் இன்மொழி கூறி நாளைக் கடத்தினார். வெல்பவர் பக்கம் சேர்வோம் என்பது அவர் கணக்கு. அவரைக் கோழை என்று இகழ எனக்கு மனமில்லை. இரண்டு யானைகள் மோதும்போது இடையிலே நிற்கும் வாழைத்தோட்டக்காரன் வேறென்ன செய்வான்?

ஆங்கிலத் தளபதி பொறுமை இழந்தார். பேட்டைக்குள் படை புகுந்தது, கொள்ளையிட்டது, தீ வைத்தது. அங்கிருந்து கற்கோட்டையைத் தாக்க முனைந்தபோது மதில் அசையவில்லை. கோட்டைக்காரர் பிரெஞ்சுப் படைக்கு அழைப்பு அனுப்பினார்; அது வந்தது. அடுத்து நடந்தது போரன்று, ஓட்டம்! ஆங்கிலப் படையினர் மருண்டு பின்வாங்கினர். தெற்கே ஊட்டத்தூர் வரை ஓடினர். அங்கும் நிலைகொள்ள இயலாமல் கொள்ளிடம் கடந்து திருச்சிக் கோட்டைக்குள் புகுந்தனர். அப்படையோடு சென்றிருந்தவருள் ஒருவர், உணவுப் பொருள் வழங்கும் பொறுப்பில் இருந்த இராபர்ட் கிளைவ். நேரில் மோதினால் வெல்ல இயலாது, திருச்சியைச் சூழ்ந்த பகைவரைத் திசைதிருப்ப ஆர்க்காட்டைப் பிடிக்க வேண்டும் என்ற திட்டம் அதே ஆண்டில் அவரால் நிறைவேறியது. அங்கிருந்து பிளாசி வரை நீண்ட கதையைப் பள்ளிப் பிள்ளைகளும் படிக்கின்றனர். இரஞ்சன்குடி அந்தப் பாடத்தில் இடம்பெறுவதில்லை.

அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. ஜிஞ்சன் பெயரை ஏடு காத்திருக்கிறது. சந்தா சாகிபின் பெயரைக் காத்திருக்கிறது. பேட்டையில் எரிந்த வீடுகள் யாருடையவை? தறி வைத்திருந்தவனுடையதா, தானியம் விற்றவனுடையதா, மண் சுமந்து கொத்தளம் கட்டியவனின் பேரனுடையதா? மதிலின் எந்தக் கல்லும் அதைச் சொல்லவில்லை. கோட்டைமேட்டில் ஏறி நின்று கீழே பேட்டைப் பக்கம் பார்ப்பவர்கள் இதை ஒரு நொடி எண்ணிப் பார்த்தால் போதும். சாலைச் செலவு வீணாகாது.

வாலிகண்டபுரத்தில் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. வாலி வழிபட்ட தலம் என்று கோயிலார் கூறுவர். வாலி எந்தச் சாலை வழியே வந்தான் என்று நாம் கேட்க வேண்டாம். சோழர் காலக் கல்வெட்டுகள் அக்கோயிலில் உள்ளன. மன்னன் பெயரும் ஆண்டும் பொறித்துத் தந்த அந்த எழுத்துகளே நமக்குப் போதும். பெரம்பலூரையும், மதுரகாளியம்மன் கோயிலுக்குக் கூட்டம் கூடும் சிறுவாச்சூரையும் கடந்து, ஆலத்தூர்ப் பக்கம் நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே திரும்புவோம். அங்கேதான் இருக்கிறது, இந்தச் சாலையின் மிகப் பெரிய வியப்பு.

காரை என்ற சிற்றூருக்கருகே நிலம் திடீரென்று சிவந்து, வெடித்து, ஓடைகள் அறுத்த பள்ளங்களாகக் கிடக்கிறது. புல் முளைக்கவும் தயங்கும் மண். உழவன் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்வான். புவியியல் அறிஞன் பார்த்தால் மண்டியிட்டுவிடுவான்! அந்தக் களிமண் கடலின் அடித்தரை. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே அலை அடித்தது. சுருள் சுருளாக ஓடு கொண்ட அம்மோனைட் என்னும் உயிரினங்கள் நீந்தின, மடிந்தன, சேற்றில் புதைந்தன, கல்லாயின. ஆட்டுக்கார இளைஞன் காலால் எற்றிவிட்டுப் போகும் கல்லிலே, மனித இனம் பிறப்பதற்கு முன்பு மறைந்துபோன ஓர் உலகத்தின் முத்திரை இருக்கிறது.

சற்று அப்பால் சாத்தனூர். அங்கே ஓடையோரம் கிடக்கிறது ஒரு மரம். ஏறக்குறைய 18 மீட்டர் நீளம். பட்டையின் வரிகளும் கிளை முறிந்த இடமும் தெரிகின்றன. ஆனால் கை வைத்தால் மரமன்று, கல்! பூக்கும் தாவரங்கள் உலகை நிறைப்பதற்கு முன்பு வாழ்ந்த ஊசியிலை இனத்து மரம் அது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து ஆழமற்ற கடலில் சேர்த்தது. மணலும் சேறும் மூடின. மரத்தின் அணுவெல்லாம் கரைந்து அந்த இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது. வயது 12 கோடி ஆண்டு என்பது புவியியல் துறையினரின் கணக்கு. 1940இல் இதனை ஆய்ந்து உலகுக்கு அறிவித்தவர் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன், பின்னர் 1951இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். இன்று அந்தக் கல்மரம் தேசியப் புவியியல் நினைவுச் சின்னம், சுற்றிலும் வேலி உண்டு, பூங்கா உண்டு.

எண்ணிப் பாருங்கள். ஆயிரம் ஆண்டுக் கோயிலைத் தொன்மை என்கிறோம். ஈராயிரம் ஆண்டு இலக்கியத்தைத் தொன்மை என்கிறோம். பெருமைதான், மறுப்பாரில்லை. ஆனால், நம் வீட்டுக் கொல்லையிலே 12 கோடி ஆண்டு கிடக்கிறதே! யுகம் யுகமாகக் கணக்குக் கூறும் புராணங்களின் எண்களைக் கேட்டு வாய்பிளந்த மக்களுக்கு, கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய உண்மை எண் ஒன்றைக் காட்ட நமக்கு மனம் வரவில்லை. நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அம்மோனைட் படிமத்தை, திருமாலின் சக்கரம் பொறித்த சாளக்கிராமம் என்று பட்டில் பொதிந்து பூசையில் வைக்கத் தெரிந்தது. அதன் உறவினர் காரை மண்ணில் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றனர். அவர்களுக்குப் பட்டும் இல்லை, பாடப் புத்தகத்தில் ஒரு பக்கமும் இல்லை!

பிறருக்குத் தெரிந்தது. 1840களில் கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் இந்தப் பகுதியில் படிமங்களைப் பொறுக்கிச் சேர்த்து இலண்டனுக்கு அனுப்பினர். எட்வர்டு ஃபோர்ப்ஸ் என்னும் அறிஞர் 1846இல் அவற்றை விளக்கி எழுதினார். பிறகு பிளான்போர்டு இங்கே பாறை பாறையாக நடந்து, 1862இல் வெளியிட்ட அறிக்கையில் மூன்று பாறைத் தொகுதிகளுக்கு மூன்று பெயர் சூட்டினார்: ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். மொராவிய நாட்டில் பிறந்த ஸ்டோலிச்கா பல ஆண்டு உழைத்துத் தென்னிந்தியக் கடற்படிமங்களைப் பற்றித் தடித்த நூல்களாகவே எழுதினார். பாடாலூருக்கு அருகே இருக்கும் ஊட்டத்தூரை, நெடுஞ்சாலையில் பறக்கும் நம்மவர் அறியார். பாரிசிலும் வியன்னாவிலும் புவியியல் கற்போர் அறிவர்! 1751இல் ஆங்கிலப் படை மூச்சுவாங்கி நின்ற அதே ஊட்டத்தூர்தான் இது.

கடல் நூல்களில் பதிந்துவிட்டது. நிலத்து விலங்குக்கு அந்த நற்பேறு கிட்டவில்லை. அரியலூர் வட்டாரத்தில் கல்லமேடு என்றொரு இடம். யாதகிரி, அய்யாசாமி என்னும் இரு புவியியல் அறிஞர் அங்கே பேரளவான எலும்புகளைக் கண்டெடுத்தனர். 1980களின் இறுதியில் அதற்குப் 'புருகத்காயோசாரஸ்' என்று பெயரிட்டனர். பேருடல் படைத்த ஊர்வன என்பது பொருள். முதலில் அதனை ஊனுண்ணும் டைனோசர் என்று எண்ணினர். பின்னர் நீள்கழுத்துடைய தாவர உண்ணி என்று பிற அறிஞர் திருத்தினர். இதுவரை மண்ணில் நடந்த விலங்குகளுள் மிகப் பெரியதாகவும் இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. எலும்பே அன்று, மரத்துண்டாக இருக்கலாம் என்று ஐயுற்றோரும் இருந்தனர். சரி, எலும்பை எடுத்து மீண்டும் அளந்து பார்த்து வழக்கைத் தீர்க்கலாமே? எலும்பு இல்லை! நனைந்து நைந்திருந்த அந்தப் படிமங்கள் நொறுங்கித் தூளாகிவிட்டன. எஞ்சியவை பழைய படங்களும் சில வரைவுகளும் மட்டுமே. உலகின் பெருவிலங்கு என்று மார்தட்டத்தக்க ஒன்று நம் கைக்கு வந்தது. கைக்கு வந்தும் தங்கவில்லை.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. 2020இல் குன்னத்தை அடுத்த ஏரியொன்றில் உருண்டை உருண்டையாகச் சில கற்கள் வெளிப்பட்டன. 'டைனோசர் முட்டை!' என்று செய்தி பறந்தது, மக்கள் திரண்டனர். புவியியலார் வந்து பார்த்து, முட்டையன்று, அம்மோனைட் சார்ந்த கடற்படிமம் என்றனர். கூட்டம் கலைந்துவிட்டது! பொய் முட்டைக்குக் கூடிய கூட்டத்தில் பத்தில் ஒரு பங்கு மெய்யான கடலுக்குக் கூடாதா? அரியலூரை அடுத்த வாரணவாசியில் படிமங்களுக்கென்றே அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. செல்வோர் பிள்ளைகளையும் அழைத்துச் செல்க.

அரியலூர் என்றதும் முதியோருக்கு 1956 நவம்பர் 23 நினைவுக்கு வரும். மருதையாற்று வெள்ளத்தில் இரயில் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்ட நாள். இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகக் காரணமான நாள். இளையோருக்குச் சிமிட்டி ஆலைகள் நினைவுக்கு வரும். அந்தச் சிமிட்டி எங்கிருந்து வருகிறது? அதே பழங்கடலின் சிப்பியும் ஓடும் பாறையாகித் தந்த சுண்ணாம்பிலிருந்து! கல்லங்குறிச்சியின் சுரங்கங்களில் சிப்பிப் படிமங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. நாம் கட்டும் வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் அந்தக் கடலின் ஒரு பிடி இருக்கிறது. ஆலை வேண்டாம் என்று நான் கூறவில்லை. வறண்ட வட்டாரத்து மக்களுக்கு அது வேலை தந்தது. நாட்டுக்குப் பாலமும் பள்ளியும் தந்தது. சூளைக்குப் போகுமுன் ஓர் அடுக்கையாவது, ஒரு சுவரையாவது, இன்னது இருந்தது என்று காட்ட விட்டுவைக்கலாம் என்பதே என் கட்சி.

சுண்ணாம்பைப் பற்றிப் பேசும்போது கல்லக்குடியை எப்படி மறப்பது? அரியலூருக்குத் தெற்கே அதே இருப்புப்பாதையில் உள்ள ஊர். சிமிட்டி ஆலை வந்தது. ஆலை முதலாளியின் பெயரே இரயில் நிலையத்தின் பெயராகி, டால்மியாபுரம் ஆயிற்று. 1953 ஜூலை 15 அன்று, ஊரின் பெயரை ஊருக்கே திருப்பித் தாரீர் என்று தண்டவாளத்தில் தலை வைத்துப் படுத்தனர் இளைஞர். அக்கதை இந்த ஏட்டைப் படிப்போருக்குப் புதிதன்று. இன்று நிலையத்தின் பலகையில் கல்லக்குடி பழங்காநத்தம் என்ற பெயர் நிற்கிறது. ஆனால் ஒரு செய்தி பலருக்குத் தெரிந்திராது: அங்குள்ள பழம்பாறை அடுக்கு ஒன்றுக்கு அறிவியலார் இட்ட பெயர் 'டால்மியாபுரம்'. நிலையத்திலிருந்து இறங்கிய பெயர் பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது! பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் உழைத்து அடுக்கிய பாறைக்கு, அண்மையில் வந்த ஆலைக்காரர் பெயர். பெயர் வைக்கும் பொறுப்பை நாம் ஏற்காத இடத்தில் வேறொருவர் ஏற்றுக்கொள்வர் என்பது வியப்பன்று.

மேலப்பழுவூரும் கீழப்பழுவூரும் வழியிலே உள்ளன. கல்கியின் புதினத்தால் பழுவேட்டரையர் பெயரை அறிந்தோர் பலர். அவர்கள் காலத்துக் கற்றளிகளை, ஒன்பதாம் நூற்றாண்டின் அவனி கந்தர்ப்ப ஈசுவர கிருகத்தை, நேரில் கண்டோர் சிலரே. அளவிற் சிறியவை, வேலைப்பாட்டில் பெரியவை. பறவை காண விரும்புவோர் கரைவெட்டி ஏரிக்கும் செல்லலாம். 2024இல் அது உலக நீர்நிலப் பட்டியலாகிய ராம்சாரில் சேர்ந்தது. சைபீரியப் பக்கமிருந்து பறந்து வரும் பறவைக்கு நிற்குமிடம் தெரிகிறது!

இனி ஜெயங்கொண்டம் கடந்து கங்கைகொண்ட சோழபுரம்.

முதலாம் இராசேந்திரன் கங்கை வரை படை நடத்தி, அந்த வெற்றியின் பெயரால் 1025ஐ ஒட்டி அமைத்த தலைநகர். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டு, சோழப் பேரரசு சாயும் வரை, இங்கிருந்துதான் ஆணைகள் புறப்பட்டன. கடாரத்துக்கும் ஈழத்துக்கும் கப்பல் விடுத்த நகரம்! இன்று? கோயில் நிற்கிறது, ஏறத்தாழ 180 அடி உயர விமானம், தஞ்சைப் பெருவுடையார் கோயிலின் உயரத்துக்கு விட்டுக்கொடுத்து, அதன் நிமிர்வுக்குப் பதிலாக ஒரு நெளிவைப் பெற்று நிற்கிறது. 2004இல் உலக மரபுச் சின்னமும் ஆகிவிட்டது. நகரம் எங்கே? ஊர்ப் பெயர்களில் இருக்கிறது! உட்கோட்டை, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர், மாளிகைமேடு. மாளிகைமேட்டில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1980களிலும், மீண்டும் 2021 முதலும் அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கற் சுவர்கள் வெளிப்பட்டன. அந்தச் செங்கல்லை எத்தனையோ தலைமுறையாக ஊரார் பெயர்த்தெடுத்து வீடு கட்டியிருந்தனர். மன்னன் வெட்டிய சோழகங்கம் என்னும் பேரேரி, தன் வெற்றிக்குத் தண்ணீரால் எழுப்பிய தூண் என்று செப்பேடு போற்றிய ஏரி, பொன்னேரி என்ற பெயரோடு பழைய அளவிற் சுருங்கிக் கிடக்கிறது. அதன் கரை 16 மைல் நீண்டிருந்தது.

அரண்மனை அழிந்ததற்கு நான் அழமாட்டேன். அரசர் போனால் அரண்மனை போகும். குடிசைக்காரன் செங்கல் எடுத்துச் சுவர் வைத்தான் என்றால், பேரரசின் பயன் ஒரு வழியாக அவனையும் அடைந்தது என்றே கொள்ளலாம். கோயில் மதிலின் கதை வேறு.

1836இல் ஆர்தர் காட்டன் திட்டப்படி கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. நல்ல அணை, தேவையான அணை, தென்னார்க்காட்டு நிலத்துக்கும் தஞ்சை நிலத்துக்கும் சோறு போட்ட அணை. அணைக்குக் கல் வேண்டும். சுற்றிலும் பாறை இல்லாத வண்டல் நிலம். பொறியாளர் கண்ணில் பட்டது கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் மதில். தொலைவிலிருந்து கொணர்ந்து, செதுக்கி, அடுக்கி ஆயத்தமாக நிற்கும் கருங்கல்! 'பாழடைந்த ஊர், யாருக்கு என்ன நட்டம்?' என்று எண்ணியிருக்க வேண்டும். நம் நண்பரின் அதே சொல்: அங்கே ஒன்றுமில்லை! மதில் பெயர்க்கப்பட்டது, சிற்பம் தாங்கிய கற்களும் தப்பவில்லை, வண்டி வண்டியாகக் கொள்ளிடக் கரைக்குச் சென்றன.

ஆனால் அங்கே ஒருவர் இருந்தனர். ஊரார் இருந்தனர். படையும் இல்லை, பட்டமும் இல்லை, எழுதிக் கொடுக்க ஆளும் இல்லை; வெறும் குடியானவர். அவர்கள் தடுத்தனர். இயன்ற மட்டும் தடுத்துப் பார்த்தனர் என்று 1855இல் சென்னையில் வெளிவந்த ஆங்கில நூல் ஒன்று ஒளிக்காமல் எழுதுகிறது. இந்தக் கட்டடத்தின்மீது அரசுக்கு எந்த உரிமையும் இல்லை என்றும் அந்நூல் கூறுகிறது. எழுதியவர் ஆங்கிலேயர்! தடுத்த ஊராருக்குக் கிடைத்தது என்ன? அரசின் ஆணையை அவமதித்த குற்றத்துக்குத் தண்டனை.

இராசேந்திரனின் புகழைப் பாட மெய்க்கீர்த்தி உண்டு, செப்பேடு உண்டு, புலவர் உண்டு. எண்ணூறு ஆண்டு கழித்து அவனுடைய மதிலுக்காகக் கும்பினி அரசின் முன் கைகட்டாமல் நின்ற அந்த ஊராரின் பெயர் ஒரு கல்லிலும் இல்லை. கங்கை வரை சென்றவன் வீரன். கடப்பாரைக்கு முன்னால் நின்றவனை என்னவென்று அழைப்பது?

கல்லை எடுத்துச் சென்றோர் ஒரு வாக்குக் கொடுத்தனர். எடுத்த மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதில் கட்டித் தருவோம் என்பது வாக்கு. ஊரார் காத்திருந்தனர். பத்தொன்பது ஆண்டு கழித்து அச்சான அந்த நூல், வாக்கு நிறைவேறவில்லை என்று ஒரே வரியில் குறித்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது.

சமயபுரம் வந்தது. நண்பரை எழுப்பினேன். கண்களைத் துடைத்துக்கொண்டு, "இரஞ்சன்குடி என்றொரு பலகை பார்த்தாற்போல நினைவு. கனவோ என்னவோ?" என்றார்.

"கனவு அன்று. திரும்பும்போது அங்கே இறங்குவோமா?"

"பேருந்து நிற்குமா?" என்று கேட்டார்.

நடத்துநரிடம் கேட்டோம். விரைவு வண்டி நிற்காதாம். பெரம்பலூரில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டுமாம். நண்பர் சற்றுத் தயங்கிவிட்டு, பெரம்பலூருக்கு என்ன கட்டணம் என்று விசாரிக்கத் தொடங்கினார்.